தொட்டதும் போகும் வரி

சலவைக்கூடத்தில் அவருக்கு மேசைக்காரர் என்று பெயர் விழுந்தது, மேசை கிடைத்த அன்றைக்கே. அதுவரை அவரும் ட்ரம்மில் ஈரத்துணி இழுக்கிற ஆட்களில் ஒருவர்தான். ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளை ஆளுயர எந்திரத்துக்குள் திணிக்க வேண்டும். வெந்து, முறுக்கிக்கொண்டு, கயிறு மாதிரி கிடப்பதை வெளியே இழுக்க வேண்டும். ஈரத்துணியின் கனம் இழுத்தவனுக்குத்தான் தெரியும். ஒருநாள் அப்படி இழுக்கும்போது இடுப்பில் ஏதோ சடக்கென்றது. அதோடு அந்த வேலை போச்சு.

வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூடத்துக்குள் வந்து, "எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? துணி அனுப்புற ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார ஆள் வேணும்" என்று கேட்டார். இவர் கையைத் தூக்கினார். "தெரியும் சார்" என்றார். அது பொய்யில்லை. முழுசாக உண்மை என்றும் சொல்ல முடியாது.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் அவர். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகுதான் எழுத்து வந்தது, அதுவும் மகளால். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அப்பாவும் மகளுமாக ஒரே அறையில் கிடந்தார்கள். அவள் தரையில் புத்தகத்தை விரித்துப் பாடம் படிப்பாள், இவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்ப்பார். ஒருநாள், "இது என்ன எழுத்தும்மா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், அவள் வாத்தியாராகிவிட்டாள். வரி தாவினால் புறங்கையில் ஒரு தட்டு. "விரல் வைங்கப்பா. விரல் வச்சாத்தான் வரி ஓடாது." அன்றைக்கு வைத்த விரல், பிறகு எடுக்கவே முடியவில்லை. விரலை எடுத்தால் எழுத்துகள் எறும்புக் கூட்டமாகிவிடும், மேல் வரி கீழே வரும், கீழ் வரி மேலே போகும். விரலை வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக நிற்கும்.

பழைய கம்ப்யூட்டரில் அதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. இடது கை விரல் கண்ணாடி மேல், வலது கை மவுஸ் மேல். இடது கை படிக்கும். 'பெண்கள் வார்டு, விரிப்பு, உறை, போர்வை.' படித்து முடித்து, வெளியே ட்ராலி நிற்கிறதா என்று எட்டிப் பார்த்து, வண்டியில் ஏறிவிட்டது என்று தெரிந்த பிறகு வலது கை ஒரு தட்டுத் தட்டும். படிக்கிற கை வேறு, செய்கிற கை வேறு. கண்ணாடிக்கு உணர்ச்சி கிடையாது, தடவினாலும் தட்டினாலும் சும்மா இருக்கும். யாராவது உள்ளே வந்தால் விரலை எடுத்துத் தாடையைச் சொறிந்துகொள்வார். சாயங்காலம் கிளம்பும்போது கிழிந்த துவாலைத் துண்டால் கண்ணாடியில் இருக்கிற விரல் தடத்தைத் துடைத்துவிட்டுத்தான் போவார். நாலு பேர் பார்த்து, 'என்னய்யா இது, சின்னப் பிள்ளை மாதிரி' என்று கேட்டுவிடக் கூடாதே.

ஆக, கூடத்தில் அவர் படித்த மனுஷன். மகள் தானாக ஒரு பையனைப் பார்த்துக் கட்டிக்கொண்டபோது, அந்தப் பையனிடமும் அப்படியே சொல்லி வைத்திருந்தாள். மருமகன் முதல் தடவை வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது.

"மாமா, நீங்க அந்தக் காலத்துப் பத்தாவதாமே! இப்ப பட்டம் வாங்கினவன்கூட உங்க பக்கத்துல நிக்க முடியாது."

இவர் மகள் முகத்தைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏதோ, அப்போ படிச்சது மாப்பிள்ளை" என்று சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

மருமகனுக்குக் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் டச் ஸ்கிரீன் மாட்டிக் கொடுக்கிற நிறுவனத்தில் வேலை. வேலை என்றால் இன்னும் நிரந்தரமில்லை. சொந்தமாக ஒரு ஆர்டர் பிடித்து, அதை ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் நிரந்தரம் ஆக்குவோம் என்று முதலாளி சொல்லியிருந்தார். சலவைக்கூடத்தில் பழைய கம்ப்யூட்டர் நாளுக்கு நாலு தடவை மூச்சு வாங்கி நிற்கிறது என்று இவர் வாய் தவறி வீட்டில் சொல்லப்போக, மருமகன் மறுநாளே மேனேஜர் முன்னால் போய் நின்றுவிட்டார். ஆர்டர் கிடைத்தது. "எல்லாம் உங்க ராசிதான் மாமா" என்று அன்றைக்கு இனிப்போடு வந்தார்.

திரையை மாட்டிய அன்று மருமகன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாருங்க மாமா, இனிமே மவுஸ் வேணாம், கீபோர்டு வேணாம். ஆண்டவன் கொடுத்த விரல் போதும். ஒரு ட்ராலிக்கு ஒரு வரி. ட்ராலி வண்டியில ஏறினதும் அந்த வரியை இடதுல இருந்து வலதுக்கு இப்படி ஒரு தேய். பச்சையாகி மறைஞ்சிடும். அனுப்பியாச்சுன்னு அர்த்தம். அவ்வளவுதான் வேலை."

"இவ்வளவு லேசா மாப்பிள்ளை?"

"குழந்தைகூடச் செய்யும் மாமா. உங்களுக்கு என்ன, நீங்க கம்ப்யூட்டர்லயே ஊறினவரு."

பழைய மானிட்டரையும் மவுஸையும் தூக்கி அலமாரிக்கு அடியில் தள்ளினார்கள்.

இங்கேதான் கூத்து. முதல் நாள் காலையில் மேசைக்காரர் வழக்கம்போல விரலை வரிக்கு அடியில் வைத்து, 'கு-ழந்-தை-கள் வார்டு' என்று இடமிருந்து வலமாக ஓட்டிக்கொண்டே போனார். வரியின் கடைசிக்குப் போனதும் அது பச்சையாகி மறைந்தது. இவருக்கு ஒரே ஆச்சரியம். அடுத்த வரியையும் படித்தார், அதுவும் போனது. 'அடேயப்பா, நாம படிச்சு முடிச்சதை அதுவே தெரிஞ்சுக்குது பாரேன்' என்று நினைத்துக்கொண்டார். படித்தாகிவிட்டது, இனி வண்டிக்காரனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் போலிருக்கிறது என்று அவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். மருமகன் சொன்ன தேய்ப்பும் தான் படிக்கிற படிப்பும் ஒரே அசைவுதான் என்பது அந்த மண்டைக்கு உறைக்கவில்லை. படிப்பது என்பது அவருக்கு ஒரு வேலையே இல்லை, மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு விட்டால் ஒரு ட்ராலி போய்விடும் என்று யார் கண்டது?

மறுநாள் காலையில் மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "குழந்தைங்க வார்டுக்கு ஒரு விரிப்புகூடப் போகலயே, என்னய்யா நடக்குது? அனுப்பியாச்சுன்னு போட்டிருக்கு, ட்ராலி என்னடான்னா இங்கேயே மூலையில நிக்குது! பெத்தவங்க தங்களோட துப்பட்டாவை ரெக்சின் மெத்தை மேல விரிச்சுப் பிள்ளையைப் படுக்க வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில இருந்து என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாங்க."

அப்போதுதான் இவருக்குப் பொறி தட்டியது. ரெக்சின் மேல் வேர்த்துப் படுத்திருக்கிற பிள்ளைகள் கண் முன்னால் வந்தார்கள். சொல்லிவிட வேண்டியதுதானே? 'சார், நான் விரல் வச்சுப் படிக்கிறவன், அதுல தப்பு நடந்துபோச்சு.' ஒரு வாக்கியம். அது தொண்டை வரைக்கும் வந்தது. கதவோரம் துணி மடிக்கிற பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி ஓட்டுகிற ஹாரன் (எந்நேரமும் அடித்துக்கொண்டே இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்) சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

"கை காய்ப்பு சார். ட்ரம்ல இழுத்து இழுத்து விரலெல்லாம் மரத்துப்போச்சு. நான் ஒண்ணு தொட்டா அது ஒண்ணு நினைச்சுக்குது."

மேனேஜர் சட்டென்று இறங்கிவிட்டார். உழைத்த கையைக் காட்டினால் யாரால்தான் திட்ட முடியும்? மடிக்கிற பெண்களில் ஒருத்தி, "பாவம் அண்ணன், அந்தக் கையப் பாருங்க" என்றாள். மேசைக்காரர் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். அந்தக் காய்ப்புகள் பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு முதல் தடவையாக அவற்றை ஒரு பொய்க்குச் சாட்சியாக நிறுத்திவிட்டார்.

செய்தி கேட்டு மருமகன் ஓடி வந்தார். இவர் கையைப் பிடித்துத் திருப்பி, வைத்தியர் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு விரல் நுனியாக அழுத்திப் பார்த்தார்.

"தப்பு என் மேலதான் மாமா. ஆபீஸ் விரலுக்கு வச்ச அளவை உங்க விரலுக்கும் வச்சிட்டேன். தொடு உணர்ச்சியைக் கூட்டிடறேன்."

கூட்டினார். அதற்கு முன்னால் விரலைக் கண்ணாடியில் படாமல் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாவது படித்துக்கொண்டிருந்தார் இவர். இப்போது கிட்டே கொண்டுபோனாலே வரி ஓடிப்போய்விடுகிறது. பென்சிலை வைத்துப் படித்துப் பார்த்தார். "யோவ், புதுக் கண்ணாடியைக் கீறித் தொலைக்காதய்யா!" என்று மேனேஜர் பென்சிலைப் பிடுங்கி வெளியே எறிந்தார். மருமகனோ இன்னொரு நாள் ரப்பர் முனை வைத்த பேனா ஒன்றைத் தன் கைக்காசில் வாங்கி வந்தார். "இது உங்க விரலுக்குப் பதில் மாமா, நல்லாப் பிடிக்கும்." அது ரொம்ப நன்றாகத்தான் பிடித்தது. அதை வைத்துப் படித்தபோது வரிகள் இன்னும் வேகமாகப் போயின. விரலை நனைக்க ஒரு தைலம் வந்தது. ராத்திரி அதைத் தடவி, மாட்டிக்கொண்டு படுக்கக் கையுறை வந்தது. எல்லாவற்றையும் இவர் "சரிங்க மாப்பிள்ளை, சரிங்க மாப்பிள்ளை" என்று வாங்கி வாங்கி மேசை டிராயரில் போட்டார்.

கையைக் கட்டிக்கொண்டு கண்ணாலேயே படித்தும் பார்த்தார். ஒரு வரிக்கு அவ்வளவு நேரமானது. ஆண்கள் வார்டின் போர்வையைப் பிரசவ வார்டின் உறையோடு சேர்த்துப் படித்தார். வெளியே ஹாரன் விடாமல் அடித்தான்.

"யோவ் மேசை, என்னய்யா, திரையைப் பார்த்துத் தியானமா பண்ற? வண்டி கிளம்பணும்!"

"இருப்பா, வர்றேன்."

"உன் மாப்பிள்ளை கொண்டாந்த பொட்டி, பொண்ணு கொடுத்த வீட்டையே பழி வாங்குது போல!"

பெண்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அவசரத்தில் விரல் தானாகத் திரைக்குப் போனது. ஒரு வரி போச்சு.

அந்த வாரம் ஒரு நாள் மகள் போன் பண்ணினாள். நலம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, கை காய்ப்புன்னு இவர் சொல்றாரு. விரல் வச்சா படிக்கிறீங்க?"

அவளுக்குத் தெரியாதா? வைக்கச் சொன்னவளே அவள்தானே.

"எனக்கு அப்பவே தெரியும்ப்பா" என்றாள். "இவர்கிட்ட சொல்லிடாதீங்க. பத்தாவதுன்னு நான்தானே சொன்னேன். இப்ப போயி..."

"மாப்பிள்ளை வேலைக்கு எதுவும் ஆயிடாதேம்மா?"

"அவர் எப்படியாவது சரி பண்ணிடுவாருப்பா. கெட்டிக்காரர். நீங்க மட்டும் கொஞ்சம் பார்த்து, விரலை வைக்காம..."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார். அவள் பயந்தது தனக்காகவா, அப்பாவுக்காகவா என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்தால் ஒரு பதில் வரும், அந்தப் பதில் அவருக்கு வேண்டாம். சொந்த மகளே வெளியில் சொல்லக் கூசுகிற மாதிரி ஒரு அப்பனாகத் தான் இருக்கிறோம் என்பது மட்டும் மார்பில் ஈரத்துணி மாதிரி கனத்தது.

அதற்கப்புறம் இரண்டு ட்ராலிகள் போகாமல் நின்றன. மேனேஜர் மருமகனைக் கூப்பிட்டு, இவரை வைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, மாமனார்ங்கிறதால இத்தனை நாள் பொறுத்தேன். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்தப் பொட்டி ஒழுங்கா ஓடணும். இல்லன்னா உங்க முதலாளிக்குப் போன் போட்டு, கழட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவேன். அப்புறம் உங்க பாடு, அவர் பாடு."

மருமகன் முகம் சுண்டிவிட்டது. கழற்றினால் நிரந்தரம் இல்லை, நிரந்தரம் இல்லை என்றால் வேலையே இல்லை. அது மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அவர் மாமனார் பக்கம் திரும்பி, "பயப்படாதீங்க மாமா, இன்னிக்குக் கண்டுபிடிச்சிடலாம்" என்றார். ஆறுதல் சொல்ல வேண்டியவர் யார், சொல்லுகிறவர் யார்!

காலையெல்லாம் மருமகன் பின்னால் நின்று பார்த்தார். அவர் நிற்கும்போது மேசைக்காரர் கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார். முக்கி முக்கிக் கண்ணால் படித்தார். ஒரு தப்பும் நடக்கவில்லை.

"நான் இருந்தா நல்லா ஓடுது. போனா கெட்டுப்போகுது" என்று மருமகன் தலையைச் சொறிந்தார். "இங்க அடிக்கிற ஆவியில கண்ணாடி வேர்த்துத் தானா தொடுற மாதிரி ஆகுதோ என்னவோ. ஒரு சின்ன டெஸ்ட் போட்டு விடறேன் மாமா. நீங்க எப்பவும் போல வேலையப் பாருங்க. நான் வண்டியில போய் ஒரு ஒயர் எடுத்துட்டு வந்துடறேன்."

திரையில் எதையோ தட்டிவிட்டு வெளியே போனார்.

அவர் போனதும் ட்ராலிகள் வரிசையாக வந்து நின்றன. ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். மேசைக்காரருக்குக் காலையிலிருந்து கண் எரிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு வரி மட்டும் என்று விரலை வைத்தார். அப்பாடா என்றிருந்தது. தூரத்தில் நின்ற எழுத்தெல்லாம் பக்கத்தில் வந்து நின்றது. 'அ-று-வை சி-கிச்-சை, பச்-சைத் துணி.' விரல் ஓடியது. அடுத்த வரிக்கு இறங்கும்போதுதான் கவனித்தார். விரல் போன வழியெல்லாம் நீல நிறத்தில் ஒரு கோடு. வரி மறைந்துவிட்டது, கோடு மறையவில்லை. இரண்டாவது வரிக்கு அடியிலும் அதே மாதிரி, எழுத்துக்கு எழுத்து நின்று நின்று போன கோடு. எந்த எழுத்தில் தடுமாறினாரோ அந்த இடத்தில் ஒரு சின்ன நீலப் பொட்டு.

விரல் பட்ட இடத்தையெல்லாம் காட்டுகிற டெஸ்ட் அது. மருமகன் அதைத்தான் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

மேசைக்காரர் பக்கத்தில் கிடந்த துவாலைத் துண்டை எடுத்துத் திரையைத் துடைத்தார். துண்டு ஈரம். ஈரம் பட்டதும் திரையெங்கும் நீலக் கிறுக்கல், மேலே கீழே, குறுக்கே நெடுக்கே. துடைக்கத் துடைக்க வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிப் பச்சையாகிப் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் ஒரு வரி இல்லை. வெள்ளைத் திரையில் கிறுக்கல் மட்டும். அதற்கு மேல் ஓரமாக, கிறுக்கல் படாத இடத்தில், முதலில் விழுந்த இரண்டு நேர்கோடுகள்.

திரும்பினால் மருமகன் ஒயரோடு வாசலில் நிற்கிறார்.

அவர் திரையைப் பார்த்தார். அந்த இரண்டு கோடுகளைப் பார்த்தார். பிறகு மாமனாரின் இடது கை விரலைப் பார்த்தார். அது அந்தரத்தில், இன்னும் நீட்டியபடியே இருந்தது. மேசைக்காரர் விரலை மடக்கிக்கொண்டார். மடக்கின வேகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மருமகன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மாமனார் துணி மாற்றும்போது தெரியாமல் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "எல்லா ட்ராலியும் அனுப்பியாச்சுன்னு என் ரூம்ல காட்டுது! இங்க ஒண்ணுகூட நகரல! என்னதான்யா இது?"

மருமகன் முந்திக்கொண்டார். "ஸ்கிரீன் கோளாறு சார். ஆவி தாங்கல. நான் கழட்டி எடுத்துட்டுப் போயிடறேன்."

மேசைக்காரர் நின்றார். இப்போது பேச வேண்டும் என்று தெரியும். பேசவில்லை. உள்ளுக்குள் ஒரு மூலையில் 'தப்பிச்சோம்' என்று ஒன்று மூச்சு விட்டது. அந்த மூச்சைத்தான் பிற்பாடு அவரால் மன்னிக்க முடியவில்லை.

மேனேஜர் அங்கேயே போனை எடுத்து முதலாளியைப் பிடித்தார். "உங்க பையன் வந்து மாட்டினான் பாருங்க, ஒரு சரக்கு... ஆமா, அந்தப் பையன்தான். வேலை தெரியாதவனை எல்லாம் எதுக்கு சார் அனுப்புறீங்க? அவனே ஒத்துக்கிட்டான், கோளாறுன்னு."

மருமகன் தலை குனிந்து, ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிய ஒயரையே பிரித்து மறுபடியும் சுற்றினார்.

"சார்" என்றார் மேசைக்காரர்.

யாருக்கும் கேட்கவில்லை.

"சார், போனை வைங்க சார். பொட்டியில ஒண்ணுமில்ல. அவருக்கு வேலை நல்லாத் தெரியும். எனக்குத்தான்... விரல் வச்சாத்தான் எனக்குப் படிக்க வரும். விரல் வச்சா அது போயிடுது."

"என்னய்யா சொல்ற?"

சொல்லிப் புரியவில்லை. மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், "செஞ்சு காட்டு" என்றார். மருமகன், "வேணாம் மாமா" என்றார், ரொம்ப மெதுவாக. இவர் கேட்கவில்லை. மருமகனிடமே வரிகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, எல்லார் முன்னாலும், மடிக்கிற பெண்கள் கதவோரம் நிற்க, ஹாரன் சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க, விரலை வைத்துப் படித்தார்.

"பெண்-கள் வார்-டு. வி-ரிப்-பு. உறை."

வரி பச்சையாகிப் போனது. விரலுக்கு அடியில் நீலக் கோடு.

யாராவது சிரித்திருந்தால் தேவலை. ஹாரன்கூடச் சிரிக்கவில்லை, வெளியே பார்த்தான். மேனேஜர் குரல் தணிந்து, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே பெரியவரே" என்றார். இத்தனை வருஷம் 'யோவ்' என்றவர், அன்றைக்குத்தான் பெரியவரே என்றார். பிறகு போனில், "இல்ல சார், பொட்டி நல்லாத்தான் இருக்கு. நம்ம ஆள்தான்... ஆமா. பையன் கெட்டிக்காரன்தான்" என்று பேசிக்கொண்டே வெளியே போனார்.

மருமகன் அலமாரிக்கு அடியில் குனிந்து பழைய மவுஸை இழுத்துத் தூசி தட்டினார். புதுத் திரையில் சொருகினார். எங்கேயோ போய் எதையோ அணைத்தார். "இனி தொட்டா ஒண்ணும் ஆகாது. மவுஸ்ல தட்டினாத்தான் போகும்" என்றார் திரையைப் பார்த்து. மாமா என்று சேர்த்துச் சொல்லவில்லை. இவர் விரலை வைத்துப் பார்த்தார். கண்ணாடி சும்மா இருந்தது. வேலை ஓடியது, ட்ராலிகள் போயின. மத்தியானத்துக்கு மேல் மடிக்கிற பெண்கள் வழக்கத்தைவிட மெதுவான குரலில் "அண்ணே, இது பிரசவ வார்டு" என்று ஒவ்வொரு ட்ராலிக்கும் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். உதவிதான். ஒவ்வொரு உதவியும் ஒரு அறை மாதிரி விழுந்தது.

சாயங்காலம் மருமகன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் முன் கண்ணாடி துடைப்பானை மழையில்லாமலே ஒரு தடவை போட்டு அணைத்தார்.

"நீங்க படிக்காதது எனக்கு ஒரு விஷயமே இல்ல மாமா."

"தெரியும் மாப்பிள்ளை."

"தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க. ஒவ்வொரு நாளும் உங்க கையைப் பிடிச்சுப் பார்த்தேன். இந்த மனுஷன் எவ்வளவு உழைச்சிருக்காருன்னு வீட்டுல போய் உங்க பொண்ணுகிட்ட சொல்லிச் சொல்லி... தைலம் வாங்கக் கடை கடையா ஏறி இறங்கினேன். நீங்க அதை வாங்கி 'சரிங்க மாப்பிள்ளை'ன்னீங்க."

மேசைக்காரர் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"வேலைகூடப் போனா போகுதுன்னு இருந்தேன். உங்களை அவங்க முன்னாடி காட்டிக்கொடுக்க மனசு வரல. ஆனா நீங்க நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேசாமத்தானே நின்னீங்க மாமா."

"ஆமா" என்றார். வேறு எந்த வார்த்தையும் பொய்யாகிவிடும்.

வண்டி இவர் தெருமுனைக்கு வந்து நின்றது. இறங்கக் கதவைத் திறந்தார். அப்போது மருமகன் கேட்டார்:

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவளுக்குத் தெரியுமா?"

கதவு பாதி திறந்தபடி இருந்தது. மேசைக்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தார். இன்றைக்கு ஊர் பார்க்கத் தன்னை அவிழ்த்துப் போட்டாயிற்று, இனி மறைக்க ஒன்றுமில்லை என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தவர். போனில் அவள் குரலைத் தாழ்த்தியது காதில் கேட்டது.

"தெரியாது மாப்பிள்ளை" என்றார். "அவகிட்டயும் பத்தாவதுன்னுதான் சொல்லி வச்சிருந்தேன்."

மருமகன் ஒரு பெரிய மூச்சை விட்டார். தோள் இறங்கியது. காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கை நீட்டி இவர் தோளைத் தொட்டார்.

"நல்லவேளை மாமா. அவளும் தெரிஞ்சுகிட்டுப் பேசாம இருந்திருந்தா என்னால தாங்கியிருக்கவே முடியாது. உங்க மேலகூட இனி எனக்குக் கோபமில்ல. உண்மையைச் சொல்லிட்டீங்க இல்ல, அது போதும்."

மேசைக்காரர் இறங்கினார். கதவைச் சாத்தினார், அது சரியாகச் சாத்தவில்லை, மறுபடியும் திறந்து சாத்தினார். "பார்த்துப் போங்க மாப்பிள்ளை" என்றார். வண்டி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மகளிடம் முந்திக்கொண்டு சொல்லி வைக்க வேண்டும், அவர் வீடு போய்ச் சேருவதற்குள்.